துணியில்லாமல் ஓடிய திரை

என் தங்கை எதிர்த்து நின்று ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நான்கு வயதில் பதினேழு நாள் விடாமல் அடித்த காய்ச்சலை ஜெயித்தாள். நம்பிக்கை வைக்க வேண்டாம் என்று சொன்ன டாக்டரே அவளை ஆஸ்பத்திரி வாசல்வரை தூக்கி வந்து அப்பாவின் கையில் கொடுத்தார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவளைக் கைவிட்டது. அப்படியும், சாலைக் குறிகள் அத்தனையையும் படம் படமாக நெஞ்சில் ஏற்றிக்கொண்டு, வாய்மொழித் தேர்வுக்குப் போய், ஒரே தடவையில் ஸ்கூட்டர் ஓட்டும் உரிமம் வாங்கினாள். நான் இரண்டு தடவை தோற்ற தேர்வு அது. மூன்று பேர் வந்து பார்த்து "இது தேறாது" என்று கையை விரித்த பன்னிரண்டு ஊசி எம்ப்ராய்டரி மெஷினை, நாற்பது நாள் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து, சத்தத்தைக் கேட்டுக் கேட்டே ஓட வைத்தாள். கடைசியாக, எட்டாம் வகுப்பு படித்த நானும் பட்டம் வாங்கிய மேனேஜரும் நம்பிவிட்ட ஒரு காலையில், கம்ப்யூட்டர் திரையில் சிவப்பாக வந்து நின்ற ஒரு பொய்யை ஜெயித்தாள்.

இந்தக் கடைசி வெற்றியை எழுதத்தான் உட்கார்ந்தேன். மற்றவை எல்லாம் இதற்கு உதவியாக வந்தவை.

அவளுக்குப் படிக்கத் தெரியாது என்று எல்லோரும் சொல்வார்கள். அது முழு உண்மை அல்ல. ஒரு எழுத்தைத் தனியாகக் காட்டினால் தயங்காமல் சொல்வாள். நாலைந்து எழுத்து வரிசையாக நின்றால்தான் அவள் கண்ணுக்கு அவை இடம் மாறி, ஒன்றன் மேல் ஒன்று ஏறிவிடும். எண்களில் இந்தச் சிக்கல் இல்லை. நூல்கண்டுகளின் எண்கள் நானூறுக்கு மேல், அத்தனையும் அவளுக்கு அத்துப்படி. ஏன் எழுத்து மட்டும் இப்படி என்று ஒரு முறை கேட்டேன்.

"தனியா நின்னா நல்ல பிள்ளைங்கக்கா. கூட்டமா சேந்தா குரங்குங்க" என்றாள்.

நாங்கள் இருவரும் வேலை செய்வது ஒரே இடத்தில்தான். டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் ஒரு நீளக் கூடம். மூன்று எம்ப்ராய்டரி மெஷின்கள், இரண்டு மேஜைகள், கடைசியில் கண்ணாடித் தடுப்பு போட்ட ஒரு சின்ன அறை. அந்த அறையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு நாற்காலி, சுவரிலிருந்து வரும் ஒரு நீல ஒயர். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், காவல் கம்பெனி என்று பல இடங்களின் சீருடைகளில் பெயரும் சின்னமும் தைத்துக் கொடுப்பது எங்கள் தொழில். தைத்து வந்ததை ஒவ்வொன்றாகப் பார்த்து, சரியா என்று நோட்டில் குறிப்பவள் நான். அதனால் என் பெயர் அங்கே நோட்டு. மெஷினில் தைக்கிற அவள் பெயர் ஊசி. முதலாளியம்மாவே அப்படித்தான் கூப்பிடுவார்.

ஊரில் உள்ள பாதி நர்ஸுகளின் நெஞ்சில் பெயர் தைத்தவள் அவள். சம்பள ரசீதில் மட்டும் அவள் பெயருக்கு எதிரே ஊதா மை படிந்த கட்டைவிரல் இருக்கும். பதினொரு வருடம் அப்படி. மை துடைக்க ஒரு பழைய துணியைப் பையிலேயே வைத்திருப்பாள். மகளின் மதிப்பெண் அட்டை வந்தால் அவள் கணவர்தான் கையெழுத்துப் போடுவார்; கூரியர் வண்டி ஓட்டுபவர், எந்த நேரமும் காதில் பேனா இருக்கும்.

எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. எழுத்தாக எது வந்தாலும் "நோட்டு" என்று குரல் கொடுப்பாள், நான் போய் வாசிப்பேன். படமாக எது வந்தாலும் நான் அவளைக் கூப்பிடுவேன். நீலத்தில் ஏழு வகை இருப்பதை நான் அவளிடம்தான் தெரிந்துகொண்டேன். இந்த ஏற்பாடு எட்டு வருடம் பிசகாமல் நடந்தது. பிசகியது ஒரே ஒரு தடவை. அதில் பிசகு என் பக்கம்.

கம்ப்யூட்டரில் மூவாயிரத்து நூற்றுப் பதினெட்டு டிசைன்கள் இருந்தன. ஒவ்வொரு டிசைனும் ஒரு சின்னப் படமாகத் தெரியும். யாராவது "போன வருஷம் போட்டோமே, ரெண்டு இலை, நடுவுல விளக்கு" என்றால் போதும், நான் நோட்டைப் புரட்டுவதற்குள் எடுத்துவிடுவாள். எங்கள் கம்ப்யூட்டர்காரர் அறுபது வயதுக்காரர், ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு மாதம் ஒரு நாள் வருவார். அவர் அவளிடம் சொல்லி வைத்தவை இரண்டுதான். ஒன்று, திரையின் வலது கீழ் மூலையில் சின்னதாக ஒரு பச்சைக் கேடயம் இருக்கிறதே, அதுதான் வைரஸ் வராமல் பார்க்கிற காவல். அது பச்சையாக இருக்கும்வரை கவலை இல்லை. இன்னொன்று, டிசைன் போடும் புரோகிராம் பாதியில் உறைந்து போனால் கீபோர்டில் மூன்று சாவிகளைச் சேர்த்து அழுத்தி, வருகிற பட்டியலில் உறைந்ததை மட்டும் பிடித்து மூட வேண்டும். அந்த மூன்று சாவிகளின் மேலும் அவர் சிவப்பு நெயில் பாலிஷ் புள்ளி வைத்துவிட்டுப் போனார். என் தங்கை அதற்கு "மூணு விரல்" என்று பெயர் வைத்தாள். உறைவது வாரம் இரண்டு தடவையாவது நடக்கும் என்பதால், கண்ணை மூடிக்கொண்டு செய்வாள்.

போன ஆகஸ்டில் முதலாளியம்மாவுக்குக் கண் ஆபரேஷன் வந்தது. செவ்வாய்க்கிழமை போய் வெள்ளிக்கிழமை திரும்புவதாக ஏற்பாடு. மெஷின் கூடத்துக்கும் கம்ப்யூட்டர் அறைக்கும் ஒரு பொறுப்பாளர் போட வேண்டும் என்று அவர் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை சாயங்காலம் சாவிக்கொத்தை எடுத்து என் தங்கையின் முன்னால் வைத்தார்.

"மூணு நாள் உன்கிட்ட இருக்கட்டும் ஊசி. ஒழுங்கா நடந்தா அப்பறமும் உன்கிட்டயே இருக்கட்டும்."

மேனேஜர் அங்கேதான் நின்றார். கெட்டவர் இல்லை. எழுதிக் கொடுத்தால்தான் எதையும் நம்புவார், அவ்வளவுதான். "கைநாட்டு வைக்கற கையில சாவியாம்மா?" என்றார்.

"சாவி பூட்டத்தான் சார். படிக்கறதுக்கா?" என்றாள் என் தங்கை.

முதலாளியம்மா சிரித்துவிட்டார். மேனேஜர் சிரிக்கவில்லை. ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் என் தங்கையும் சிரிக்கவில்லை. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்த என்னிடம், திரும்பாமலே சொன்னாள்: "அக்கா, இது கிடைச்சா பொறுப்பாளர்னு ஒரு நாற்காலி. கிடைக்கலைன்னா, இன்னும் பதினொரு வருஷம் மைத்துணிதான்."

செவ்வாய்க்கிழமை நல்லபடியாகப் போனது. ஆஸ்பத்திரிக்கான இருநூற்றுப் பன்னிரண்டு கோட்டுகளில் தொண்ணூறு முடிந்தன.

புதன்கிழமை காலை ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து சட்டைச் சின்னம் கேட்டார்கள். வட்டத்துக்குள் ஒரு மீன்கொத்தி. எங்களிடம் அந்தப் பறவை இல்லை. என் தங்கை மெஷினில் நூல் மாற்றிக்கொண்டிருந்தாள். "நோட்டு, நெட்ல ஒரு நல்ல மீன்கொத்தியாப் பாத்து எடு. மூக்கு நீளமா, பக்கவாட்டுல நிக்கணும்" என்றாள்.

நான் போய் உட்கார்ந்து, தேடி, ஒரு படத்தை அழுத்தினேன். அது வேறு ஒரு பக்கத்துக்குக் கூட்டிப்போனது. "தொடர அனுமதி என்பதை அழுத்தவும்" என்று ஒரு சின்னப் பெட்டி வந்தது. அழுத்தச் சொன்னதை அழுத்தினேன். அப்போது நேரம் 11.10.

திரை முழுவதும் சிவப்பாகியது. ஆம்புலன்ஸ் மாதிரி ஒரு சத்தம். நடுவில் கேடயம், அதன் மேல் ஆச்சரியக்குறி, கீழே ஒரு பட்டை இடமிருந்து வலமாக ஓடியது. பட்டையின் கீழே கோப்புகளின் பெயர்கள் மளமளவென்று ஓடின. பட்டை முடிந்ததும் எழுத்து வந்தது, நம் மொழியிலேயே, கொஞ்சம் கோணலாக. உங்கள் கணினியில் 1,346 வைரஸ்கள் கண்டுபிடிக்கப்பட்டன. உங்கள் கணினி பூட்டப்பட்டுள்ளது. அணைக்கவோ மூடவோ வேண்டாம், மூடினால் எல்லாக் கோப்புகளும் அழியும். ஐந்து நிமிடத்துக்குள் கீழே உள்ள எண்ணை அழையுங்கள். பக்கத்தில் ஐந்து நிமிடம் குறைந்துகொண்டே வந்தது.

நான் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை சத்தமாக வாசித்தேன். கோணலாக இருந்தாலும் அச்சில் வந்த வாக்கியம். அச்சில் இருப்பது பொய்யாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மூவாயிரத்துச் சொச்சம் டிசைன்கள்; கம்ப்யூட்டர்காரர் நகல் எடுத்துப்போய் மூன்று வாரம் ஆகியிருந்தது.

சத்தம் கேட்டு மேனேஜர் ஓடி வந்தார். அவரும் வாசித்தார். நெற்றியில் வேர்த்துவிட்டது.

"போன் போடு நோட்டு. நம்பர்தான் குடுத்திருக்கான்ல. நேரம் ஓடுது பாரு."

11.12க்கு என் போனிலிருந்து அழைத்தேன். ஒரே மணியில் எடுத்தார்கள். ஓர் ஆணின் குரல், ரொம்பப் பணிவு.

"பதறாதீங்கம்மா, பாதுகாப்புப் பிரிவுலேர்ந்து பேசறோம். உங்க கம்ப்யூட்டர் எங்க திரையில தெரியுது. ஒரு சின்ன புரோகிராம் அனுப்பறேன், அதை ஏத்திட்டு வர்ற ஒன்பது நம்பரைச் சொல்லுங்க. மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்."

என் தங்கை அதற்குள் அறை வாசலுக்கு வந்திருந்தாள். கையில் நூல்கண்டு அப்படியே இருந்தது. திரையைப் பார்த்தபடி நின்றாள். நாங்கள் எழுத்தை வாசித்துப் பதறிய இடத்தில் அவளுக்கு எழுத்து இல்லை. அவள் பட்டையைப் பார்த்தாள். பட்டை மறுபடி இடது ஓரத்திலிருந்து ஓட ஆரம்பித்திருந்தது. முடிந்தது. திரை ஒரு தடவை சிமிட்டியது. மூன்றாவது தடவையாக ஓட ஆரம்பித்தது.

"அக்கா, முதல்ல எத்தனைன்னு வந்துச்சு?"

"ஆயிரத்து முந்நூத்தி நாப்பத்தாறு."

"இப்பவும் அதேதான். ரெண்டாவது ஓட்டத்துலயும் அதேதான்."

"அதனால என்ன?" என்றார் மேனேஜர்.

"இது தேடலை சார். துணியில்லாம ஓடுது."

மேனேஜருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. எம்ப்ராய்டரி மெஷினில் துணி மாட்டாமல் வெறும் சட்டத்தில் ஊசியை ஓட விட்டால் வழுக்கிக்கொண்டு, ஒரே வேகத்தில் போகும். துணி இருந்தால் அப்படிப் போகாது. மடிப்பு வந்தால் திணறும், காலர் வந்தால் முனகும், மெலிந்த இடத்தில் தாவும். மெஷினுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாலும், துணி மாட்ட மறந்ததை அவள் சத்தத்திலேயே சொல்லிவிடுவாள். அந்தப் பட்டை மூன்று தடவையும் ஒரு திணறல் இல்லாமல் ஓடியது. கோப்புகளின் பெயர்கள்கூட, பூவேலைக் கரையில் அதே பூ திரும்பத் திரும்ப வருவதுபோல, அதே வரிசையில் வந்தன.

"வாசிக்கத் தெரியாம ஏதாவது சொல்லாதே" என்றார் மேனேஜர். குரலில் கோபத்தைவிடப் பயம்தான் இருந்தது. "ரெண்டு நிமிஷம்தான் இருக்கு. எல்லாம் போனா யார் பதில் சொல்றது? நீயா?"

"நான்தான் சார். சாவி என்கிட்டதானே இருக்கு."

சொல்லிவிட்டு மேஜைக்குப் பின்னால் குனிந்தாள். கம்ப்யூட்டரின் முதுகிலிருந்து அந்த நீல ஒயரைப் பிடுங்கி என் கையில் கொடுத்தாள். இன்டர்நெட் போய்விட்டது. சிவப்புத் திரை மட்டும் அப்படியே அலறிக்கொண்டிருந்தது.

"அக்கா, இப்ப அவர்கிட்ட கேளு. இன்னும் தெரியுதான்னு."

நான் கேட்டேன். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், மூன்று பேரும் கேட்டோம்.

"தெரியுதும்மா, நல்லாத் தெரியுது. இப்பத்தான் இன்னும் நூறு வைரஸ் உள்ள போயிருக்கு. என் கண்ணு முன்னாடியே போகுது. சீக்கிரம் பண்ணுங்க."

என் கையில் ஒயரின் நுனி தொங்கிக்கொண்டிருந்தது. மேனேஜர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் தங்கை போனுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"அண்ணே, அந்த நூறையும் நீங்களே வச்சுக்கோங்க. எங்களுக்கு ஏற்கெனவே இருக்கறதே போதும்."

போனை வைக்கச் சொன்னாள். வைத்தேன்.

அப்புறமும் என் புத்தி போன இடத்தைச் சொல்ல வேண்டும். சிவப்புத் திரையின் மூலையில் மூடுவதற்கான பெருக்கல் குறி இருந்தது. அதை அழுத்தக் கையைக் கொண்டுபோனேன். மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"அதுவும் அவங்க வரைஞ்சதுதான். படத்துல இருக்கற கதவைத் திறந்தா எங்க போவோம்?"

நாற்காலியில் உட்கார்ந்தாள். நேரம் ஒரு நிமிடத்துக்கு வந்திருந்தது. மூடினால் எல்லாம் அழியும் என்று திரையில் கொட்டை எழுத்தில் இருந்தது. அதை வாசிக்கத் தெரிந்த நாங்கள் இரண்டு பேரும் அவள் முதுகுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். அவள் பயப்படவில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். இடது காதோரம் ஒரு நரம்பு துடித்தது. சின்ன வயதிலிருந்து அது அவளுடைய பயத்தின் அடையாளம், எனக்குத் தெரியும். நெயில் பாலிஷ் புள்ளிகளின் மேல் மூன்று விரலையும் வைத்தாள். அழுத்தினாள்.

அலறல் நிற்கவில்லை, ஆனால் சிவப்பு விலகியது. அமைதியான ஒரு திரை வந்தது. பட்டியலைத் திறந்தாள். டிசைன் புரோகிராமின் படத்தைத் தாண்டி, இன்டர்நெட் பார்க்கும் புரோகிராமின் படத்தைப் பிடித்து, மூடு என்ற இடத்தை அழுத்தினாள்.

சத்தம் அறுந்தது.

முதலாளியம்மா வீட்டுப் பூனை, நாற்காலியில் படுத்துத் தூங்கிக்கொண்டு, திரை முழுவதும் தெரிந்தது. எங்கள் கம்ப்யூட்டரின் வழக்கமான படம் அதுதான். வலது கீழ் மூலையில் பச்சைக் கேடயம் பச்சையாகவே இருந்தது. அவள் டிசைன் அடுக்கைத் திறந்தாள். சின்னச் சின்னப் படங்கள் வரிசை வரிசையாக வந்தன. கீழே எண்ணிக்கை: 3,118. கூடத்தில் பக்கத்து மெஷின் தன்பாட்டுக்கு யாரோ ஒரு நர்ஸின் பெயரைத் தைத்துக்கொண்டிருப்பது அப்போதுதான் எங்கள் காதில் விழுந்தது.

மேனேஜர் தண்ணீர் குடிக்கப் போனார்.

அவள் அத்தோடு விடவில்லை. பச்சைக் கேடயத்தைத் திறந்து, எல்லாவற்றையும் தேடச் சொல்லும் பொத்தானை என்னை வாசித்துக் காட்டச் சொல்லி அழுத்தினாள். அது தேடிய வேகத்துக்குக் கட்டை வண்டியே ஜெயித்துவிடும். பத்து சதவீதத்தில் நின்றது, இருபத்தொன்றுக்குத் தாவியது, டிசைன் அடுக்குக்குள் நுழைந்ததும் முப்பத்தேழில் ஒன்பது நிமிடம் அசையாமல் நின்றது. அவள் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள்.

"பாத்தியாக்கா, காலர் வந்திடுச்சு. இது துணியோட ஓடுது."

ஐம்பத்திரண்டு நிமிடம் ஆனது. கண்டுபிடித்தது ஒன்றும் இல்லை. அதற்குள் அந்த ஆள் என் போனுக்கு மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார். நான்காவது தடவை கூப்பிட முடியாதபடி அந்த எண்ணை முடக்கினேன்.

வியாழக்கிழமை காலை கதை முடியவில்லை என்று தெரிந்தது. கம்ப்யூட்டர் மூலையில், பச்சைக் கேடயத்துக்குப் பக்கத்திலேயே, ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்த்தது. வைரஸ் இன்னும் இருக்கிறது, உடனே சுத்தம் செய்யவும் என்றது. மூடினால் இன்னொன்று.

"போகலை பாரு. நேத்தே அவங்க சொன்னதைச் செஞ்சிருக்கணும்" என்றார் மேனேஜர்.

என் தங்கை இன்டர்நெட் புரோகிராமை மூடினாள். பெட்டி வரவில்லை. திறந்தாள். வந்தது. மூடினாள். நின்றது. நாலு தடவை இப்படிச் செய்து பார்த்துவிட்டு, "இது வீட்டுக்குள்ள இல்லை சார், ஜன்னல்ல நின்னு எட்டிப் பாக்குது. ஜன்னலைத் திறந்தாதான் தெரியுது" என்றாள். கம்ப்யூட்டர்காரரை வரவழைத்தாள்.

அவர் வந்து முழுக்கதையையும் கேட்டார். "அனுமதின்னு ஒரு பெட்டி வந்திருக்குமே, யார் அழுத்தினது?" என்றார். நான் கையைத் தூக்கினேன். அந்த ஒரு அழுத்தலால், அந்தப் பக்கம் நினைத்த நேரத்தில் எங்கள் திரைக்கு அறிவிப்பு அனுப்ப நானே உரிமை கொடுத்திருக்கிறேன். அமைப்புகளுக்குள் போய், அறிவிப்பு அனுப்ப அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலைக் காட்டினார். அந்தப் பெயரை நீக்கினார். பெட்டி அதோடு ஒழிந்தது.

பிறகு மேனேஜரைப் பார்த்துச் சொன்னார்: "ஒரு இணையப் பக்கத்தால உங்க கம்ப்யூட்டருக்குள்ள எத்தனை வைரஸ் இருக்குன்னு எண்ணிச் சொல்ல முடியாது சார். சொன்னாலே பொய். நிஜமான காவல் எதுவும் போன் நம்பர் போட்டு, மணி ஓட விட்டு மிரட்டாது. அந்தப் புரோகிராமை ஏத்தி, அந்த ஒன்பது நம்பரைச் சொல்லியிருந்தா, அப்பறம் இந்தக் கம்ப்யூட்டர் அவனோடது. இந்த அம்மா ஒயரைப் பிடுங்கினாங்களே, அதை நான் சொல்லிக் குடுக்கலை."

"எனக்கே அப்பதான் தோணுச்சு" என்றாள் என் தங்கை. "ஊர்ல இல்லாதவரு எதிர்ல இருக்கற மாதிரி பேசினா, சந்தேகம் வராதா?"

வெள்ளிக்கிழமை முதலாளியம்மா கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். உட்காருவதற்குள் மேனேஜர் ஆரம்பித்தார். "இவகிட்ட சாவி இருந்த ரெண்டாவது நாளே கம்ப்யூட்டர்ல பிரச்சினைம்மா. நல்ல வேளை, தப்பிச்சோம்."

முதலாளியம்மா என் பக்கம் திரும்பினார். "நோட்டு, என்ன நடந்துச்சு? நீ குறிச்சு வச்சிருப்பியே."

குறித்து வைத்திருந்தேன். வாசித்தேன். 11.10, அனுமதி அழுத்தியது நான். 11.12, போன் செய்தது நான், செய்யச் சொன்னது மேனேஜர். 11.14, ஒயர் பிடுங்கியது ஊசி. 11.15, திரையை மூடியது ஊசி. மேனேஜர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். அதில் அன்றைக்குப் பார்க்க வேண்டியது எதுவும் இல்லை.

"தப்பிச்சோம்னு சொன்னீங்களே. தப்பிக்க வச்சது யாரு?" என்று கேட்டார் முதலாளியம்மா.

மேனேஜர் காலண்டரிலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு, அவருக்கும் ஒரு நேர்மை உண்டு, "ஊசிதாம்மா" என்றார். உடனே மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பெரிய ரெஜிஸ்டரை எடுத்து வைத்தார். "ஆனா இதைப் பாருங்க. பொறுப்பாளர் தினமும் திறக்கும்போது ஒண்ணு, மூடும்போது ஒண்ணு கையெழுத்துப் போடணும். இன்ஷூரன்ஸ்காரங்க போட்ட விதி. விரல் ரேகையை ஏத்துக்க மாட்டாங்க. நான் வேணும்னு சொல்லலை."

அவர் சொன்னது உண்மை. விதி அட்டையிலேயே ஒட்டியிருந்தது. நான் என் தங்கையைப் பார்க்கவில்லை. அவளுக்குக் கையெழுத்துச் சொல்லித் தர நான் நாலு தடவை முயன்று, நாலு நாலுவரி நோட்டு வாங்கித் தந்திருக்கிறேன்; நாலையும் அவள் பரண்மேல் எறிந்திருக்கிறாள்.

"பத்து நாள் குடுங்கம்மா. அடுத்த வாரம் இல்லை, அதுக்கடுத்த திங்கக்கிழமை போடறேன்" என்றாள் அவள்.

"அதுவரைக்கும் நான் போடறேன்" என்றார் முதலாளியம்மா. சாவியைத் திரும்பக் கேட்கவில்லை.

இந்தத் தடவை அவள் என்னிடம் சொல்லித் தரக் கேட்கவில்லை. டிசைன் திட்டம் போடுகிற கட்டம் போட்ட தாளை எடுத்துக்கொண்டாள். தன் பெயரை எழுத்தாக நினைப்பதை விட்டுவிட்டு ஒரு சின்னமாக எடுத்துக்கொண்டு, ஊசி எங்கே இறங்கும், எந்தப் பக்கம் வளையும், எந்தக் கட்டத்தில் முடியும் என்று அம்புக்குறி போட்டாள். மெஷினில் ஊசியை நடுவில் தூக்கினால் நூலை அறுக்க வேண்டிவரும். நல்ல டிசைனில் ஊசி எழும்பாது. அதே மாதிரி அவள் போட்ட திட்டத்தில் பேனா ஒரு இடத்தில்கூட மேலே எழவில்லை. முடித்ததும் என்னிடம் கொண்டுவந்தாள்.

"அக்கா, இது என் பேருதானே? வேற யாரோடதும் இல்லையே?"

நான் ஒவ்வொரு வளைவாகப் பார்த்தேன். கோட்டு சரிபார்ப்பதைவிட நிதானமாகப் பார்த்தேன். அவள் பெயர்தான்.

அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு அறுபது தடவை. மகளின் ரஃப் நோட்டு தீர்ந்தது. கணவரின் கூரியர் ரசீதுகளின் பின்பக்கம் தீர்ந்தது. "இவ்வளவு போட்டுட்ட, இனிமே பார்சலுக்கு நீயே கையெழுத்துப் போட்டுக்கோ. என்னைத் தேடாத" என்றார் அவர். "பார்சல் ஒழுங்கா வந்து சேரட்டும், போடறேன்" என்றாள்.

அந்தத் திங்கட்கிழமை காலை 8.50க்கு அவள் மெஷின் கூடத்தைத் திறந்தாள். மேனேஜர் ரெஜிஸ்டரைப் பிரித்து வைத்து, மூடி கழற்றிய பேனாவை நீட்டினார். முதலாளியம்மா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வந்து நின்றார். மெஷின்கள் ஓடவில்லை, எல்லோரும் நூல் கோப்பதுபோல் நடித்துக்கொண்டிருந்தார்கள். என் தங்கை ஸ்கூலில் உட்காருவதுபோல் நிமிர்ந்து உட்காரவில்லை. மெஷினுக்குக் குனிவதுபோல் குனிந்தாள். பேனாவை இறக்கினாள். கடைசிக் கட்டம்வரை தூக்கவில்லை.

மேனேஜர் ரெஜிஸ்டரைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "என் கையெழுத்தைவிட நல்லா இருக்கே" என்றார். பிறகு வழக்கம் விடாமல், "பக்கத்துல தேதி?" என்றார்.

எண்கள் அவளை ஒருநாளும் ஏமாற்றியதில்லை. என் பக்கம் திரும்பாமல் அவளே எழுதினாள்: 18.8.2025.